அமானிதக் காரில் விழுந்த வலை

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும் மாதங்களில் மாம்புரியில் எதைத் தின்றாலும் பல்லிடுக்கில் மணல் நெறுநெறுக்கும். பாணைத் தேநீரில் தோய்த்து வாயில் வைத்தாலும் நெறுநெறுக்கும், உம்மா தட்டால் மூடி இறக்கிய சோற்றிலும் நெறுநெறுக்கும். இது கடற்கரையில் காலில் ஒட்டுகிற பெரிய மணல் அல்ல, கதவை அடைத்தாலும் திறப்புத் துவாரத்தால் உள்ளே வந்து, அலுமாரிக்குள் மடித்து வைத்த பெருநாள் உடுப்பில் போய்ப் படுத்துக்கொள்கிற மணல். எங்கள் வீட்டில் அதற்குப் 'பொடிமணல்' என்று பெயர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகத்தைச் சுளித்துத் துப்புவார்கள். நாங்கள் விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குப் போவோம். அந்தப் பொடிமணல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டு மானத்தை ஒரு நாளைக்குக் கொஞ்சமாக அரைத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பத்து வயதாயிருந்தபோது யாருக்கும் தெரியாது.

நான் இயல்பில் பயந்தவள் அல்ல. எங்கள் தெருவில் என்னை 'வாய்க்காரி' என்றுதான் அழைப்பார்கள். குர்ஆன் ஓதிக்கொடுக்கிற ஓதப்பள்ளி லெப்பையிடம் எதிர்க்கேள்வி கேட்டு அடி வாங்கிய பெண்பிள்ளை அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். அப்படிப்பட்ட நான் அந்த வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், வாயே திறக்கவில்லை. காரணம் ஒரு கறுப்புக் கார்.

கார் எங்களுடையதல்ல. என் வாப்பா, மன்சூர் என்று பெயர், ஹாஜியார் ஒருவரிடம் சாரதியாக இருந்தார். ஹாஜியாருக்கு எங்கள் ஊரில் தென்னந்தோட்டமும் ஒரு பழைய வீடும் இருந்தன. அவர் குடும்பத்தோடு கொழும்பில் இருந்தார். வாப்பா அவருடைய லொறியில் தேங்காயும் தோட்டத்து வெங்காயமும் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் புறப்பட்டால் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் திரும்புவார். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த லொறியால்தான். ஹாஜியாரின் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தபோது, மாப்பிள்ளைக்குக் கொடுப்பதற்கென்று ஒரு புத்தம்புதிய கறுப்புக் காரை வாங்கினார்கள். ஊர் வீட்டில் அப்போது கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது; சீமெந்துத் தூளுக்குள் காரை விட மனமில்லாமல் ஹாஜியார் அதை எங்கள் வளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, திறப்பை வாப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "மன்சூர், நிக்காஹ் வரைக்கும் இது உன்னிட்ட அமானிதம்" என்றார்.

அமானிதம் என்பது எங்கள் மக்களிடம் சாதாரணச் சொல் அல்ல. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அது. கூடக் குறைய இல்லாமல், கொடுத்த கோலத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அமானிதத்தைப் பழுதாக்கியவரின் கழுத்தில் அந்தப் பொருள் மறுமை நாளில் தொங்கும் என்று லெப்பை எங்களுக்குச் சொல்லியிருந்தார். மோதிரம், மாலை, ஆடு என்று நான் அதுவரை கற்பனை செய்து வைத்திருந்தேன். கார் தொங்கும் என்று நினைத்ததில்லை.

வாப்பா அந்தக் காருக்கென்று மூன்று பக்கமும் கிடுகு கட்டி ஒரு கொட்டில் போட்டார். முதல் கிழமை ஒரு பெரிய உறையும் போட்டு மூடினார். காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வளவு வெங்காயப் பாத்தியில் போட்டது. மறுபடி கட்டினார், மறுபடி போனது. அதற்குப் பிறகு அவர் வேறு வழி எடுத்தார். சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும், லொறிக்குப் போகுமுன், கொட்டிலுக்குள் போய்த் தன் பழைய பெனியன் ஒன்றால் காரை உச்சி முதல் அடிவரை துடைப்பார். தண்ணீர் ஒரு சொட்டும் தொடமாட்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். வாளியில் ஊற்றி வைத்தால் காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து நிற்கும், கறுப்பில் அது பட்டால் தேமல் விழுந்த முகமாகிவிடும் என்று அவருக்குப் பயம். "இந்தத் தண்ணி காருக்கு நஞ்சு" என்பார். ஆகவே காய்ந்த பெனியன்தான். வட்டம் வட்டமாக, அழுத்தி, குழந்தைக்குத் தலை துவட்டுகிற கவனத்தோடு துடைத்து முடித்து, கதவில் தன் முகம் தெரிகிறதா என்று இருட்டிலேயே குனிந்து பார்த்துவிட்டு, பெனியனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழுந்து போய்த் துடைத்தார். உம்மா, "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கோப்பத் தேத்தண்ணி ஊத்தித் தந்ததில்ல, காருக்கு என்னா கவனிப்பு" என்று முணுமுணுத்தாள்.

எங்களுக்கு அந்தக் கொட்டிலுக்குள் போகத் தடை. "கையில மோதிரம், வளையல், நகம், ஒண்டும் அதுல படப்படாது" என்று வாப்பா சொல்லியிருந்தார். நானும் போகவில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரை.

அன்று வாப்பா ஜும்ஆவுக்குப் போயிருந்தார், உம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் வளர்த்த வெள்ளைக் கோழிப் பேடு ஒன்றை எங்கும் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், அது கொட்டிலுக்குள் காரின் பொனட் மேல் ஏறி, வீட்டுக்காரியைப்போல உட்கார்ந்திருந்தது. விரட்டினேன். போகும்போது அது செய்ய வேண்டியதைப் பொனட்டிலேயே செய்துவிட்டுப் போனது. வாப்பா கண்டால் பேட்டை அறுத்துவிடுவார் என்ற நினைப்பில், ஆணியில் தொங்கிய பெனியனை இழுத்தெடுத்து, அவர் செய்கிற மாதிரியே வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தேன். எச்சம் போய்விட்டது. பொனட் பளிச்சென்றிருந்தது. பெனியனின் அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்து மாட்டிவிட்டு வந்து, நல்ல பிள்ளையாய்ச் சோறு தின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காற்று பலமாக அடித்து, கொட்டில் கூரையில் ஒரு கிடுகைப் பிய்த்தது. பத்து மணிபோல நான் அந்தப் பக்கம் போனபோது, பிய்ந்த இடத்தால் பாய்போல ஒரு வெயில் துண்டு நேராகப் பொனட்டில் விழுந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். சூரியன் அந்தக் கறுப்புக்குள் ஒரு சின்னப் புள்ளியாக நின்றது. அதைச் சுற்றி, மயிரிழை மயிரிழையாக, ஒன்றுக்குள் ஒன்றாக நூற்றுக்கணக்கான வட்டக் கீறல்கள். பெரிய சிலந்தி ஒன்று இராப்பகலாக இருந்து பின்னிய வலை மாதிரி. நான் இடப்பக்கம் நகர்ந்தேன், வலையும் நகர்ந்தது. வலப்பக்கம் போனேன், அங்கேயும் வந்தது. குனிந்தேன், அதுவும் குனிந்தது.

அது ஏன் அப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வளைந்து நிற்பவை மட்டும் மினுங்கும், நாம் நகர்ந்தால் வேறு கீறல்கள் மினுங்கும். அன்று எனக்கு அது தெரியாது. அந்த வலை என்னைத்தான் பின்தொடர்கிறது, யார் செய்தது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் பட்டது. நேற்றுத் தேய்த்தேன், இன்று கீறல். நான் தேய்த்தது வட்டமாக, கீறலும் வட்டமாக. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு நான் பயந்தது வாப்பாவுக்கு அல்ல, வெயிலுக்கு. வாப்பா துடைப்பது விடியுமுன், வருவது பொழுது சாய்ந்து. நிழலில் அந்தக் கார் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. வெயில் பட்டால் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பிய்ந்த கிடுகை ஒரு கம்பால் தள்ளி மூடினேன், காற்று திறந்தது, ஓடிப்போய் மறுபடி மூடினேன். பாடசாலையில் கணக்குப் பாடம் நடக்கும்போது யன்னலால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகில் வந்தால் மூச்சு வரும், விலகினால் 'கிடுகை மூடினேனா?' என்று மனம் கொட்டிலுக்கு ஓடும். கச்சான் காலத்தில் மழைக்கு ஏது வழி? வெங்காயம் போட்டவர்கள்கூடக் கேட்காத மழையை நான் ஐந்து நேரமும் கையேந்திக் கேட்டேன். மூன்று நோன்பு நேர்ந்தேன். மறுமையில் ஒரு கார் என் கழுத்தில் தொங்குவதாகவும், நான் அதை இழுத்துக்கொண்டு மணலில் நடக்க முடியாமல் விழுவதாகவும் நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் போனது. உம்மா எனக்குக் கண்ணூறு பட்டுவிட்டதென்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டாள். சொல்லிவிடலாம் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நினைப்பேன். வாப்பாவின் முகத்தைக் கண்டதும் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஹாஜியார் வாப்பாவை வேலையால் நிறுத்திவிடுவார், லொறி போய்விடும், எல்லாம் என் பேட்டால், என் கையால்.

ஒரு புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. காய்ந்த தலைமயிருக்குத் தேங்காயெண்ணெய் வைத்தால் படிந்து மினுங்குகிறதல்லவா? பாடசாலை விட்டு வந்ததும் உம்மாவின் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டுபோய்ப் பொனட்டில் பூசினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வலை மறைந்தது. கிடுகை விலக்கி வெயிலை விட்டுப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அன்றைக்குத்தான் மூன்று கிழமைக்குப் பிறகு வயிறார உண்டேன்.

எண்ணெயில் பொடிமணல் ஒட்டும் என்பதைப் பத்து வயது மூளை யோசிக்கவில்லை. இரவு முழுக்கக் காற்று அடித்தது. வியாழக்கிழமை விடியற்காலை வாப்பா பெனியனோடு போனவர், பொனட்டில் கையை வைத்ததும் நின்றுவிட்டார். அரிசிமாக் கோலத்தில் மாவு ஒட்டியதுபோல மணல் அப்பிக் கிடந்தது. இதைத் துடைக்க முடியாது, கழுவத்தான் வேண்டும் என்று, கறையாவது மண்ணாவது என்று துணிந்து, காரைக் கொட்டிலிலிருந்து முதல் தடவையாக வெளியே எடுத்துக் கிணற்றடியில் விட்டார். சவுக்காரம் போட்டுக் கழுவி முடியும்போது தென்னைகளுக்கு மேலால் வெயில் ஏறியது. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். பொனட்டில் வலை. முன் கதவில் வலை. பின் கதவில், கூரையில், டிக்கியில், எங்கு வெயில் பட்டதோ அங்கெல்லாம் வலை.

வாப்பா அப்படியே கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த வாளியைக் கீழே வைக்க மறந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார், சாரன் நனைந்துகொண்டிருந்தது. அவர் கத்தியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

பிறகு உள்ளே வந்து கேட்டார்: "யாராச்சும் காரைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்கு அதுகிட்ட போறேன்?" என்றாள் உம்மா.

"இல்ல வாப்பா" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உம்மாவிடம், "புள்ளைட்ட ஒண்டும் கேக்க வாணாம்" என்று சொல்லிவிட்டுக் காரை மறுபடி கொட்டிலுக்குள் விட்டார். என்னை நம்புகிறார் என்று நினைத்தேன். நம்பிக்கை எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பொனட்டை மட்டும் தேய்த்த நான் கூரையை எப்படிக் கீறியிருப்பேன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. பயத்தில் இருக்கிறவளுக்குக் கணக்கு வராது. கீறல் தொற்றி வியாதிபோலப் பொனட்டிலிருந்து பரவிவிட்டதென்றே நம்பினேன்.

ஹாஜியார் திங்கட்கிழமை காரை எடுக்க வருவதாக இருந்தது. வாப்பா எங்கெங்கோ விசாரித்து, சிலாபத்துப் பக்கமிருந்து பெயின்ட் கீறலைத் தேய்த்து எடுக்க 'கட் பொலிஷ்' செய்கிற ஒருவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரவழைத்தார். சுனில் பாஸ் என்று எல்லோரும் சொல்வார்கள்; கைத்தொழில் தெரிந்தவர் யாரும் எங்கள் பக்கம் 'பாஸ்'தான். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். மோட்டார் சைக்கிளின் பின்னால் சாக்கில் சுற்றிய மெஷினைக் கட்டிக்கொண்டு வந்தார். கொட்டிலுக்குள் போய், ஒரு வெள்ளை விளக்கைப் பிடித்துக் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நான் கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தேன். 'சின்னக் கை ஒண்டு தேச்சிருக்கு' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நானா, இத யாரு துடைக்கிற?" என்று, எங்கள் மக்கள் அண்ணனை அழைக்கிற மாதிரியே கேட்டார் பாஸ்.

"நான்தான். ஒவ்வொரு நாளும். ஒரு நாளும் தவறல்ல" என்றார் வாப்பா. அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"தண்ணி போட்டா?"

"இல்ல பாஸ், எங்கட தண்ணி உவர், கறை புடிக்கும். காஞ்ச பெனியன்தான்."

பாஸ் ஆணியில் தொங்கிய பெனியனை எடுத்து உதறினார். விளக்கு வெளிச்சத்தில் மணல் மினுங்கிக்கொண்டு கீழே இறங்கியது.

"இதுதான் நானா. இது ஒரு நாள் வேல இல்ல, ரெண்டு மூணு மாசத்து வேல. இந்த மணல் கண்ணுக்குத் தெரியாது, துணிக்குள்ள இரிக்கிது. நீங்க அழுத்தி அழுத்தித் துடைச்சா அது பெயின்ட்ட கீறிக்கொண்டே போகும். முதல்ல தண்ணி ஊத்தணும். மணல் தன்பாட்டுல கீழ போகணும். அதுக்குப் பொறகுதான் கை. கறைக்குப் பயமெண்டா மழத்தண்ணி புடிச்சு வச்சிக் கடைசியா அதால கழுவுங்க. வட்டமாத் தேய்க்க வாணாம், நேரா இழுங்க."

வாப்பா பெனியனை வாங்கி விரித்துப் பார்த்தார்.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், குதித்துக் கத்தவேண்டும்போல இருந்தது. நான் இல்லை! என் பேடு இல்லை! கழுத்தில் தொங்கிய கார் கழன்று விழுந்தது. அந்தச் சந்தோஷம், வேலி ஓட்டையால் வாப்பாவின் முகத்தைப் பார்க்கும் வரைதான் இருந்தது. அவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்திருந்தார். வாப்பாவுக்குப் பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. யானை இறங்கும் வில்பத்துப் பக்கத்து வழியில் லொறி நின்றுபோன கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர் அவர். என் பயமெல்லாம் அவருக்குள் போய்விட்டதுபோல இருந்தது. பிறகு அங்கிருந்து இரண்டு மடங்காக என்னிடமே திரும்பி வந்தது.

பாஸ் மெஷினைப் போட்டார். பசை மாதிரி ஒன்றை வைத்து, பஞ்சு வட்டை மெதுவாக ஓட்டி ஓட்டி, பொனட்டையும் வலப்பக்கக் கதவுகளையும் முடித்தார். கீறல் போன இடத்தில் கறுப்பு ஆழமாகி, கிணற்றுக்குள் பார்க்கிறமாதிரி இருந்தது. "மத்தப் பக்கம் நாளைக்கு விடிய முடியும்" என்றார். வேலை வசதிக்காகக் காரை முற்றத்து வெயிலில் எடுத்து விட்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான், நண்பகல் லுஹருக்குச் சற்றுப் பிறகு, படலைக்கு வெளியே ஒரு வாகனம் வந்து நின்றது. கற்பிட்டியில் ஒரு கல்யாணத்துக்கு வந்த ஹாஜியார், மாப்பிள்ளையின் நானாவையும் கூட்டிக்கொண்டு, காரைக் காட்டிவிட்டுப் போகலாமென்று ஒரு நாள் முந்தி வந்துவிட்டார்.

பொலிஷ் போடாமல் விட்டிருந்தால்கூட அவர்கள் ஒருவேளை கவனித்திருக்கமாட்டார்கள். இப்போது சரி பாதி கண்ணாடி, சரி பாதி வலை. நல்ல பக்கம் கெட்ட பக்கத்தைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் நானா இடப்பக்கக் கதவில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஹாஜியாரின் முகம் சிவந்துவிட்டது. சம்பந்தக்காரருக்கு முன்னால் அல்லவா?

"மன்சூர், இது யாருட வேல?"

வாப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார், மூடினார். பாஸ் தலையைக் குனிந்து மெஷின் வயரைச் சுற்றத் தொடங்கினார். அவர் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை.

என் கால் எப்போது வேலியைத் தாண்டியது என்று எனக்கு நினைவில்லை. மூன்று கிழமையாக வராத வாய் அப்போது வந்தது.

"நான்தான் ஹாஜியார். கோழி அசிங்கப்படுத்திச்சி. வாப்பா இல்லாத நேரம் இந்தப் பெனியனால தேச்சிட்டேன். எல்லாப் பக்கமும் தேச்சேன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என் குட்டைக் கையையும் காரின் கூரையையும் பார்த்தார். நான் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது என் கன்னத்தில் ஓர் அடி விழுந்தது. வாப்பா. அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை. பலமான அடி அல்ல. பாதி என் காதிலும் பாதி தலையை மூடியிருந்த தட்டத்திலும் பட்டது. அந்தக் கையில் பொலிஷ் பசையின் மணம் அடித்தது.

"சின்னப் புள்ளைய என்னத்துக்கு அடிக்கிற?" என்று ஹாஜியார் அவர் கையைப் பிடித்தார். கோபம் இறங்கிவிட்டிருந்தது, பிள்ளை செய்ததென்றால் சம்பந்தக்காரருக்கு முன்னால் சிரித்துவிடலாம், அதனால் சிரித்தார். "எங்கட மகளும் சின்னதுல இப்பிடித்தான், தொடாத எண்டா அதத்தான் தொடுவா." மாப்பிள்ளையின் நானாவும் சிரித்தார். பாஸ் மறுநாள் மற்றப் பக்கத்தையும் முடித்தார். கார் கீறலில்லாமல் போய்ச் சேர்ந்தது. லொறியும் வேலையும் ஹாஜியார் வபாத்தாகி அடக்கப்படும் வரை வாப்பாவிடமே இருந்தன.

நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அன்று பின்னேரமே அவர் பெனியனைக் குப்பைக்குழியில் போட்டு எரித்தார். எனக்குத் தேன்குழல் வாங்கி வந்து, கையில் தராமல், மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நானாகத்தான் பழியை எடுத்தேன். ஆனாலும் அவர் ஒரு சொல், உம்மாவிடமாவது, 'அது நான்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். உம்மா சாகும் வரை நான்தான் காரைக் கீறின பிள்ளை. கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வாப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார்.

இப்போது அந்தக் கொட்டில் இல்லை. அது நின்ற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கடை. எங்கள் கிணறு குளிக்கவும் ஆகாத அளவுக்கு உவர்த்துப்போய் மூடப்பட்டுவிட்டது. கறுப்புக் காரை மாப்பிள்ளை எப்போதோ விற்றுவிட்டார். எந்த ஊரில், யார் முற்றத்தில் நிற்கிறதோ. நான் புத்தளத்தில் படிப்பிக்கிறேன். எனக்கென்று பழைய கார் ஒன்று வாங்கியபோது வெள்ளை வாங்கச் சொன்னார் என் கணவர், இந்த ஊர்ப் புழுதிக்கு அதுதான் சரியாம். நான் கறுப்பு வாங்கினேன். கூரைப் பீலியால் வழிகிற மழைத்தண்ணீர் விழ ஒரு பீப்பா வைத்திருக்கிறேன். முதலில் தண்ணீர், மணல் தன்பாட்டில் போன பிறகுதான் மெல்லிய துணி, நேர் கோட்டில். இருந்தும் வெயிலில் நிறுத்த எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. எங்கு போனாலும் நிழல் தேடி ஊரைச் சுற்றுகிறேன் என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள்.

போன வருடம் வாப்பா மக்காவுக்கு உம்ராப் பயணம் போனார். புறப்படுமுன் தெரிந்தவர் எல்லோரிடமும் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். ஊர் முழுக்க முடித்துக்கொண்டு, ஹாஜியாரின் மருமகனைத் தேடிக் கொழும்புக்கும் போய்விட்டு, கடைசியாக ஒரு முற்பகல் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என் காருக்குப் பக்கத்தில் நின்றார், அதில் கை படாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"அவருக்கு அந்தக் காரே ஞாபகம் இல்ல மகள்" என்றார். "நான் எல்லாத்தயும் சொன்னேன். பெனியன், மணல், எல்லாம். சிரிச்சிக்கொண்டு மாப்புத் தந்துட்டார்."

நான் பல வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த என் பங்கைச் சொன்னேன். "பொனட்டுக்கு எண்ணெய் பூசினது நான்தான் வாப்பா."

"தெரியும். அண்டைக்கே தெரியும். உங்க உம்மாட எண்ணெ மணம் எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு காரைப் பார்த்தபடியே சொன்னார்: "நீதான் கீறின எண்டு நெனச்சேன். மூணு நாளும், ஹாஜியார் வந்தா நான் செஞ்சேன் எண்டு சொல்லத்தான் இரிந்தேன். அதுக்கு எனக்குப் பயம் இல்ல. நான் செஞ்சதுதான் எண்டு தெரிஞ்ச பொறகுதான், மகள், எனக்கு வாய் வரல்ல."

வெயில் நேராகப் பொனட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கையைப் பின்னாலிருந்து எடுத்து, என் முன்னால் நீட்டி, ஊரில் எல்லோரிடமும் கேட்டதுபோலவே, "மாப்புத் தா" என்றார். தந்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய்க்காரி என்று பெயரெடுத்த எனக்கு வாய் வரவில்லை; அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தில், அன்று அடித்த அதே பக்கத்தில், வைத்துக்கொண்டு நின்றேன்.